ஓரியூர்ச் செம்மண்

(பத்தாம் வகுப்பு மாணவி, குத்தம்பாக்கம்)

முன்னுரை

நம் பள்ளியில் எந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும் தந்தை பெயர் இருக்கும் இடத்தில் 'அருளானந்தம்' என்றோ, 'பிரிட்டோ' என்றோ ஒரு பெயராவது கண்ணில் படும். இவ்விரு பெயர்களும் ஒரே மனிதருக்கு உரியவை என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று அவர் பிறந்த நாட்டுப் பெயர். மற்றொன்று தமிழ் மண் அவருக்கு அளித்த பெயர். அம்மனிதர் குருதி சிந்திய இடமே ஓரியூர்.

குத்தம்பாக்கம், பூந்தமல்லி, ஆவடி ஆகிய ஊர்களில் வாழும் நமக்கு ஓரியூர் தொலைவில் உள்ள ஊர்தான். பேருந்தில் ஓர் இரவுப் பயணம் செய்ய வேண்டும். இருப்பினும் நாள்தோறும் நாம் கூப்பிடும் பெயர்களில் அவ்வூர் வாழ்கிறது. எனவே அந்தச் சிற்றூர்ப் பங்கின் வரலாற்றையும், அங்கே மக்கள் போற்றி வரும் பக்தி மரபையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஊரும் பங்கும்

ஓரியூர் இராமநாதபுரம் மாவட்டத்தில் திருவாடானை வட்டத்தில் பாம்பாற்றங்கரையில் அமைந்துள்ளது. தொண்டிக் கடற்கரை அங்கிருந்து தொலைவில் இல்லை. வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால்தான் நெல் விளையும். மழை பொய்த்தால் மக்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போவார்கள்.

கிறிஸ்தவரல்லாத தோழியருக்காக ஒரு விளக்கம். 'பங்கு' என்பது ஒரு சுவாமியாரின் பொறுப்பில் உள்ள கோயிலும், அதைச் சேர்ந்த குடும்பங்களும், சுற்றியுள்ள கிளை ஊர்களும் சேர்ந்த அமைப்பாகும். பல பங்குகள் சேர்ந்தால் ஒரு மறைமாவட்டம். ஓரியூர் சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து சிவகங்கை மறைமாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டது 1987-ஆம் ஆண்டில்தான். ஆனால் ஓரியூரின் கதை அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

மதுரை மிஷன்

இராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலி நாட்டு இயேசு சபைக் குரு 1606-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்தார். அந்நாளில் கிறிஸ்தவ மதத்தைத் தமிழர்கள் 'பரங்கி மார்க்கம்' என்று ஒதுக்கி வைத்திருந்தனர். மதம் மாறுவது என்றால் பரங்கியரின் உடையையும் உணவையும் ஏற்பது என்று எண்ணினர். நொபிலி இந்த எண்ணத்தை மாற்ற விரும்பினார். காவி உடுத்தி, புலால் விலக்கி, தமிழும் வடமொழியும் கற்றுத் 'தத்துவ போதகர்' என்னும் பெயருடன் வாழ்ந்தார். அவர் தம் இறுதிக் காலத்தைக் கழித்து, 1656-இல் உயிர் நீத்தது நம் மயிலாப்பூரில் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

நொபிலிக்குப் பின் வந்த குருக்களில் பலர் பண்டார சுவாமிகளைப் போல வாழ்ந்தனர். பிராமண சந்நியாசியைப் போல் வாழ்ந்தவர் தாழ்த்தப்பட்ட மக்களுடன் கலந்து பழக அக்காலச் சமுதாயம் விடவில்லை. பண்டார சுவாமிகளோ எல்லாக் குலத்தாரிடமும் செல்ல முடிந்தது. உழவர், மறவர், தாழ்த்தப்பட்டோர் எனப் பலரிடமும் கிறிஸ்தவம் பரவியது இவர்களாலேயே. அருளானந்தரும் இந்தப் பண்டார சுவாமிகளில் ஒருவரே.

அரண்மனையிலிருந்து குடிசைக்கு

ஜான் தெ பிரிட்டோ 1647-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அரண்மனையில் இளவரசர் பெத்ரோவின் தோழராக வளர்ந்தார். சிறுவனாய் இருந்தபோது அவருக்குக் கடும் நோய் கண்டது. தாய் புனித சவேரியாரை நோக்கி நேர்ச்சை செய்தார். மகன் பிழைத்தான். நேர்ச்சையின்படி ஓராண்டு முழுவதும் அச்சிறுவன் இயேசு சபைத் துறவியரின் உடையை அணிந்து அரண்மனைக்குள் நடமாடினானாம்! விளையாட்டுப்போல் தொடங்கிய அந்த உடை, 1662-இல் அவர் இயேசு சபையில் சேர்ந்தபோது நிலையாகிவிட்டது.

1673-இல் குருப்பட்டம் பெற்ற அவர் அதே ஆண்டில் கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்தார். தமிழ் கற்றார். காவி உடுத்தார். நாளுக்கு ஒரு வேளை, அதுவும் சோறும் கீரையும் காய்கறியுமே உண்டார். கால்நடையாக ஊர் ஊராகச் சென்றார். மக்கள் அவரை 'அருளானந்தர்' என்று அழைத்தனர்.

1686-இல் மறவர் சீமையில் மறையுரை ஆற்றச் சென்ற அவரும் அவருடைய உபதேசிமாரும் பிடிபட்டனர். கட்டி வைத்து அடித்தும், நீரில் அமிழ்த்தியும் வதைத்தனர். பிறகு இராமநாதபுரத்திற்குக் கொண்டுபோனார்கள். அப்போது சேது நாட்டை ஆண்டவர் இரகுநாத கிழவன் சேதுபதி. இவரைப் பற்றி ஒருதலையாக எண்ணிவிடக் கூடாது. மதுரை நாயக்கரின் பிடியிலிருந்து தம் நாட்டை விடுவித்த வீரர். இராமநாதபுரக் கோட்டையைக் கட்டியவர். வள்ளல் சீதக்காதியின் நண்பர். அவர் அருளானந்தரை நேரில் விசாரித்து, இனி இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து உயிரோடு விட்டுவிட்டார்.

பின்னர் மிஷன் அலுவலாக அருளானந்தர் ஐரோப்பா சென்று லிஸ்பனை அடைந்தார. இளமைத் தோழர் பெத்ரோ அப்போது அரசராகியிருந்தார். தம் மகனுக்கு ஆசிரியராக அரண்மனையிலேயே தங்கிவிடுமாறு அரசர் வேண்டினார். தாயும் முதுமையில் இருந்தார். தங்குவதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. ஆயினும் 1690-இல் இந்தியா திரும்பி, மீண்டும் அதே மறவர் சீமைக்கு வந்தார்.

தடியத்தேவரின் மனமாற்றம்

சிறுவல்லிப் பகுதியின் தலைவர் தடியத்தேவர் அரச குலத்தவர். அரியணைக்கு உரிமையுள்ளவர் என்றும் கருதப்பட்டவர். அவர் தீராத நோயால் வாடினார். அருளானந்தர் அனுப்பிய உபதேசியார் அவருக்காக நற்செய்தி வாசித்துச் செபித்தார். நோய் நீங்கியது. தேவர் திருமுழுக்குப் பெற விரும்பினார்.

அருளானந்தர் உடனே இணங்கவில்லை. தேவருக்கு மனைவியர் ஐவர். கிறிஸ்தவ ஒழுங்கின்படி ஒருவனுக்கு ஒருத்தியே. முதல் மனைவியோடு மட்டும் வாழ ஒப்பினால்தான் திருமுழுக்கு என்றார் அவர். தேவர் ஒப்புக்கொண்டு, மற்ற நால்வரையும் அழைத்து, இனி அவர்களைச் சகோதரிகளாகவே வைத்துக் காப்பதாகக் கூறினார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1693-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது.

நால்வரில் இளையவர் சேதுபதியின் சகோதரி மகள். அவர் அழுதுகொண்டு மாமனிடம் சென்று முறையிட்டார். இது வெறும் குடும்பச் சண்டையாக நிற்கவில்லை. அக்காலத்தில் அரசர்களும் பாளையக்காரர்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துத்தான் உறவை உறுதிப்படுத்தினர். கொடுத்த பெண்ணைத் திருப்பி அனுப்புவது கொடுத்த அரசனை அவமதிப்பதாகும். அதோடு, அரியணைக்கு உரிமையுள்ள ஒருவர் புதிய மதத்தில் சேர்ந்து ஆள்பலம் பெறுகிறாரே என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. போதிக்கக் கூடாது என்ற பழைய தடையோ மீறப்பட்டிருந்தது. இத்தனையும் ஒன்றாகத் திரண்டு ஒரு துறவியின் தலைமேல் இறங்கின.

ஓரியூரில் நடந்தது

ஜனவரி 8-ஆம் நாள் முனி என்ற ஊரில் அருளானந்தர் கைது செய்யப்பட்டார். 11-ஆம் நாள் இராமநாதபுரம் கொண்டு செல்லப்பட்டார். தலைநகரில் வைத்து அவரைக் கொன்றால் தடியத்தேவரின் ஆட்கள் கிளர்ந்தெழலாம் என்று அரசர் அஞ்சினார். ஆகையால் நாடு கடத்துவதாக வெளியில் அறிவித்துவிட்டு, தம் தம்பியின் ஆட்சியில் இருந்த ஓரியூருக்கு அனுப்பி, அங்கே கொன்றுவிடும்படி இரகசிய ஆணை பிறப்பித்தார்.

ஜனவரி 31-இல் ஓரியூர் சேர்ந்த அருளானந்தர், பிப்ரவரி 3-ஆம் நாள் சிறையிலிருந்து கடிதங்கள் எழுதினார். மை இல்லை, கரியால் எழுதினார். கடிதம் பெற்றோரில் ஒருவர் மிஷனின் தலைவராயிருந்த லாய்னஸ் அடிகளார். இவரே பிற்காலத்தில் மயிலாப்பூர் ஆயராகி நம் பகுதிக்கு வந்தவர்.

மறுநாள் 1693 பிப்ரவரி 4, புதன்கிழமை. திருச்சபை நாட்காட்டியில் அது விபூதிப் புதன். 'மனிதனே, நீ மண்ணாயிருக்கிறாய்' என்று நினைவூட்டும் அந்த நாளிலே பாம்பாற்றங்கரையில் மணல்மேட்டில் முழங்காலிட்டுச் செபித்தபின், அவர் தலை வெட்டப்பட்டது. பிறகு கைகளும் கால்களும் துண்டிக்கப்பட்டு, உடல் ஒரு கம்பத்தில் கட்டப்பட்டது. கிறிஸ்தவர்கள் எஞ்சிய எலும்புகளைப் பிற்பாடு சேகரித்தனர்.

மூன்று பெண்கள்

இந்த வரலாற்றைச் சொல்லும்போது இளைய மனைவியைப் பொல்லாதவளாகக் காட்டுவது வழக்கம். நானும் முதலில் படித்தபோது அப்படித்தான் எண்ணினேன். சற்று நின்று சிந்தித்தால் வேறொன்றும் தெரிகிறது. அந்தப் பெண்ணை யார் கேட்டார்கள்? ஐவரில் ஒருத்தியாகக் கொடுத்தபோதும் கேட்கவில்லை. இனி மனைவியில்லை என்றபோதும் கேட்கவில்லை. கணவனின் வீட்டை விட்டால் வேறு மதிப்பு இல்லாத காலம் அது. அவள் செய்த முறையீடு ஓர் உயிரைக் கொன்றது என்பது உண்மை. அவள் அழுததற்குக் காரணம் இருந்தது என்பதும் உண்மை.

அக்காலப் பெண்களின் நிலை எத்தகையது என்பதற்கு ஒரு சான்று. 1710-இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறியதாக இயேசு சபைக் குருக்களின் கடிதங்கள் குறிப்பிடுகின்றன. நாற்பத்தேழு பேர்! ஒரு வகுப்பறை நிறையப் பெண்கள். ஒருவனுக்குப் பல மனைவியர் என்ற வழக்கம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதை அறிந்தபின் அருளானந்தரின் பிடிவாதத்தின் பொருள் நமக்கு விளங்குகிறது. அவர் உயிர் கொடுத்துக் காத்த விதி, ஒரு பெண் ஒரு வீட்டில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கக் கூடாது என்ற விதி. ஆனால் அந்த விதி நடைமுறைக்கு வந்த முதல் நாளில் நான்கு பெண்கள் அதன் சுமையைத் தாங்கினர். நல்ல சட்டம் வரும்போதும் அதனால் முதலில் வருந்துகிறவர்களை நினைக்க வேண்டும் என்பதை ஓரியூர் நமக்குக் கற்பிக்கிறது. சென்னை மாகாணத்தில் இருதார மணத் தடைச் சட்டம் வந்தது 1949-இல். நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955-இல் வந்தது. ஓரியூர் நிகழ்ச்சிக்கும் இவற்றுக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டுகள் கடந்திருந்தன.

இரண்டாவது பெண் தேவரின் முதல் மனைவி. கதையில் அவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அவருக்காகத்தான் மற்ற நால்வரும் விலக்கப்பட்டனர். அவர் மகிழ்ந்தாரா, தன் வீட்டில் பழகிய நால்வருக்காக வருந்தினாரா, யார் அறிவார்!

மூன்றாவது பெண் லிஸ்பனில் இருந்த தாய். மகன் கொலையுண்ட செய்தி எட்டியபோது, அவர் துக்க உடை அணியாமல் விழாக்கால உடை அணிந்து அரண்மனைக்கு வந்தார் என்று சொல்வார்கள். மறைசாட்சியின் தாய்க்கு அதுவே தகும் என்று அரசர் கேட்டுக்கொண்டாராம். அந்தப் பட்டாடைக்குள் ஒரு தாயின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும் என்பதை நம் தாய்மாரைக் கேட்டால் சொல்வார்கள்.

செம்மண்ணும் மக்களும்

அருளானந்தர் குருதி சிந்திய இடத்து மணல் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. அச்செம்மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். நோயுற்றவர்களுக்காக வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். குழந்தை வரம் வேண்டி வருவோரும் உண்டு. விபூதிப் புதனில் இறந்தவரின் மண் நெற்றியில் ஏறுவது எவ்வளவு பொருத்தம்!

இங்கே வருவோரில் இந்துக்களும் திரளாக உண்டு. அவர்கள் மொட்டையடித்து, பொங்கலிட்டு, ஆடு அறுத்துச் சமைத்து, வந்தவர்க்கெல்லாம் பரிமாறி நேர்ச்சையை நிறைவேற்றுகின்றனர். நாளுக்கு ஒரு வேளை கீரையும் சோறும் உண்ட துறவியின் சந்நிதியில் ஆட்டுக்கறிச் சோறு மணப்பது புதுமைதான். ஆனால் மறவர் சீமை மக்கள் தங்கள் குலதெய்வத்துக்குச் செய்வதைத் தங்கள் மண்ணில் விழுந்த இவருக்கும் செய்கிறார்கள். தம்மவராக ஏற்றுக்கொண்டதற்கு இதைவிட அடையாளம் வேறில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரி 4-ஆம் நாள் திருவிழா.

திருத்தலத்தின் முகப்பு போர்த்துக்கீசியப் பாணியில் எழுப்பப்பட்டது. அருளானந்தரை 1853-இல் ஒன்பதாம் பத்திநாதர் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதராகவும் உயர்த்தினர். நம் நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, வெளிநாட்டில் பிறந்து இம்மண்ணில் கலந்த ஒருவருக்கு இப்பெருமை கிடைத்தது.

அவருக்குப் பின்

வித்து விழுந்த இடத்தில் பயிர் எழாமல் போகவில்லை. 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டபோது மதுரை மிஷன் தளர்ந்தது. அக்காலத்தில் குருக்கள் அரிதாகவே வந்தனர். உபதேசிமாரும் மூதாட்டிகளும் செபங்களைச் சொல்லிக் கொடுத்து விசுவாசத்தைக் காத்தனர். சபை மீண்டும் உயிர் பெற்ற பின், 1830-களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தனர்.

சேதுச் சீமையின் மனமும் மாறியது. ஓரியூரைப் போலவே மறவர் சீமையைச் சேர்ந்த சருகணிக் கோயிலுக்கு, வெள்ளையரை எதிர்த்து 1801-இல் தூக்கிலேறிய மருது சகோதரர்கள் நிலமானியம் வழங்கினர். ஒரு நூற்றாண்டுக்கு முன் இச்சீமையில் போதகரின் தலை விழுந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே சீமையின் தலைவர்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குக் கொடையளித்தனர்! அதே சருகணியில்தான், பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியில் பிறந்து இம்மக்களுக்காக உழைத்த லெவே அடிகளார் 1973-இல் மறைந்தார். சாதி மதம் பாராமல் மக்கள் இன்றும் அவர் கல்லறைக்கு மாலையிட்டு மெழுகுதிரி ஏற்றுகின்றனர்.

முடிவுரை

ஓரியூரில் பெரிய மாடமாளிகைகள் இல்லை. அங்கே ஓர் ஆற்றங்கரையும், ஒரு கோயிலும், கொஞ்சம் சிவந்த மணலும் உண்டு. அந்த மணலைக் கையில் எடுக்கும்போது மறைசாட்சியை மட்டும் நினைத்தால் போதாது. அவரோடு அடிபட்ட பெயர் தெரியாத உபதேசிமாரையும், சொன்ன சொல் தவறாத தடியத்தேவரையும், அழுதுகொண்டு அரண்மனை வாயிலில் நின்ற அந்த இளம்பெண்ணையும் சேர்த்து நினைக்க வேண்டும். எல்லாருடைய கண்ணீரும் அம்மண்ணில் கலந்துள்ளது.

தோழியரே! உங்களில் யாருடைய தந்தையாவது, அண்ணனாவது அருளானந்தம் என்றோ பிரிட்டோ என்றோ பெயர் தாங்கியிருந்தால், அப்பெயரின் கதையை இன்றிரவு வீட்டில் சொல்லுங்கள். சொல்லும்போது அந்தப் பெண்களையும் விட்டுவிடாதீர்கள்.